குமுளி ஏற்றத்தில் மட்டும் வண்டி சூடாகிறதா?

"அண்ணே, ரேடியேட்டரை மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட்டையும் கழட்டிப் போட்டாச்சு, இன்னும் சூடாகுது." கம்பம், கூடலூர்ப் பக்கம் டீசல் பிக்கப் ஓட்டுகிறவர்கள் பட்டறைக்கு வந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். எதை எதை மாத்தினார்கள் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்வேன். முதல் கேள்வி, "எந்த இடத்துல முள்ளு ஏறுது?" மீட்டரில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள்ளைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தேனியிலிருந்து கம்பம் வரை சமதரையில் வேகமாக வரும்போதே முள் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் போயிருக்கலாம், கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பி அடைத்துக்கொள்ளலாம். சமதரையில் ஒரு தொந்தரவும் இல்லாமல், மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி குமுளிக்கு ஏற ஆரம்பித்ததும் சூடாகி, மேலே போய் ரோடு சமமானதும் இறங்கிவிட்டால் முதல் சந்தேகம் காற்று மேல்தான். செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது ஏறினாலும் அதேதான்.

ஏற்றத்தில் வண்டி முழு லோடோடு ஊர்கிறது. இன்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது, ஆனால் எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டருக்குக் காற்று கொடுக்க ஃபேன் ஒன்றுதான் துணை. அதனால் விஸ்கஸ் ஃபேன் (சூடு ஏறும்போது கிளட்ச் பிடித்து வேகமாகச் சுற்றுகிற ஃபேன்) உள்ள வண்டி என்றால் அதன் நடுவில் இருக்கும் கிளட்ச்சை முதலில் பார்ப்பேன். உள்ளே இருக்கும் சிலிக்கான் ஆயில் கசிந்திருந்தால் மையத்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டி கறுப்பு வளையமாகத் தெரியும். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது சாவியை எடுத்துவிட்டு இறக்கையைத் தள்ளிப் பாருங்கள். கெட்டியாக, தயங்கித் தயங்கிச் சுற்ற வேண்டும். அந்தச் சூட்டிலும் லொடலொடவென்று சுற்றினால் ஃபேன் வேலை செய்யவில்லை. எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், சாவி எடுத்த பிறகும் அது திடீரென்று ஓடும்.

அடுத்து, வண்டியின் முகத்தைப் பாருங்கள். கார்த்திகை பிறந்தால் போதும், முன்பக்க கிரில் முழுக்க மாலை, வாழைக்கன்று, அதற்கு மேல் ஃபிளெக்ஸ். பக்தியைக் குறை சொல்லவில்லை, பானட்டுக்கு மேலே கட்டிக்கொள்ளலாமே. ஏ.சி. வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் வைக்கோல் தூசும் பூச்சியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும், முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. தண்ணீரை இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான அழுத்தத்தில் அடிக்க வேண்டும். வாட்டர் வாஷில் பிரஷரை வைத்து நேராக அடித்தால் தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைந்துபோகும்.

ஓட்டுகிற விதமும் உண்டு. டீசல் மிச்சம் என்று மூன்றாவது கியரிலேயே இன்ஜினை முக்க வைத்து ஏற்றுகிறார்கள். வாட்டர் பம்பும் பெல்ட்டில் ஓடும் ஃபேனும் இன்ஜின் வேகத்தில்தான் சுற்றும். சீக்கிரமே இரண்டாவதுக்கு இறக்கினால் தண்ணீரும் காற்றும் கூடுதலாக ஓடும், முள் தானாக நிதானத்துக்கு வரும். ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றிவிட்டு வந்து காரணம் கேட்டால் நான் என்ன சொல்ல?

இனி தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு. அதைக் கழட்டிப் போடுவது இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய வைத்தியம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் சேர்த்து மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும். சமதரையில் சூடே ஏறாது, மலையில் முன்னைவிட மோசம். கெட்டுப்போனதா என்று பார்க்க வெந்நீரில் போட்டாலே போதும், 82 டிகிரியோ 88 டிகிரியோ, அதன் மேல் பொறித்திருக்கிற சூட்டுக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி 1 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டிப் போகிறது. ரப்பர் வெடித்த மூடியைப் போட்டுக்கொண்டு மலை ஏறினால் அந்தத் தாங்குதல் கிடைக்காது. உள்ளே ஊற்றுவது போர்வெல் தண்ணீராக இருந்தால் உப்பு படிந்து குழாய்கள் அடைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். லீக்குக்கு மஞ்சள்தூள் கொட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஓட்டையோடு சேர்த்து மெல்லிய குழாய்களையும் அது அடைக்கும்.

காய்கறி லோடு ஏற்றிப் போன ஒரு தம்பி சொன்னதை அப்படியே சொல்கிறேன். "இரைச்சல் பாலத்துக்கிட்ட முள்ளு சிவப்புக்குப் போச்சுண்ணே. கொஞ்ச தூரத்துல தானா இறங்கிருச்சு. சரியாயிருச்சுன்னு மேல ஏத்திட்டேன்." இறங்கியது முள் மட்டும்தான். தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் ஆவிதான் இருக்கும், அது சரியான சூட்டைக் காட்டாது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழட்டி நேர்க்கட்டையை வைத்தபோது நடுவில் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு தாராளமாக நுழைந்தது, ஹெட் வளைந்திருந்தது. இரண்டு சிலிண்டருக்கு நடுவே, ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் கருகிக் கிடந்தது. உச்சத்துக்குப் போன முள் சட்டென்று விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

வழியில் சூடானால் வளைவை விட்டுத் தள்ளி ஓரங்கட்டி, டயருக்குக் கல் வையுங்கள். தண்ணீர் இருக்கிறது, ஆவி வரவில்லை, முள் மட்டும் மேலே என்றால் ஏ.சி.யை நிறுத்தி, ஐடிலுக்குச் சற்று மேலே இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். ஆவி வந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ உடனே ஆஃப். மூடியைத் தொடாதீர்கள், திறந்தால் கொதிநீர் முகத்துக்குத்தான் வரும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவு ஆறட்டும், முக்கால் மணி நேரம் ஆனாலும் சரி. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று ஹெட் கேஸ்கட். இன்னொன்று இ.ஜி.ஆர். கூலர், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும்போது அதைக் கூலன்ட்டால் ஆற்றுகிற பாகம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்காரர்கள் இதை மறக்க வேண்டாம். கூலர் உள்ளே விட்டுப்போனால் கூலன்ட் புகையோடு வெள்ளையாகப் போய்விடும், கேஸ்கட் என்று நினைத்து ஹெட்டைக் கழட்டினால் கூலி வீண். கேஸ்கட் சந்தேகம் என்றால் வண்டியை முந்தின நாள் ராத்திரியே பட்டறையில் விட்டுவிட்டுப் போங்கள். ஆறிக் கிடக்கிற இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் குமிழி தொடர்ந்து வருகிறதா, மூடி போட்ட ஒரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டோடு ஓட்டி வந்த வண்டியில் இதைப் பார்க்க முடியாது.