நிவாரண முகாமில் ஒருவருக்கு எவ்வளவு இடம்? பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பாடமாகப் படிக்க

பேரிடர் மேலாண்மை படிக்கச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு வட்டப்படம் காட்டிவிடுவார்கள்: தணிப்பு, ஆயத்தம், மீட்பு, மறுவாழ்வு. அதை மனப்பாடம் செய்து தேர்வும் எழுதிவிடலாம். ஆனால் இந்தியாவில் இந்தத் துறை எப்படி நடக்கிறது என்று புரிய வேண்டுமென்றால் உட்கார்ந்து படிக்க வேண்டியது பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. எளிய மொழியில் எழுதிய சட்டங்களில் இதுவும் ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதும் இதற்குள்தான் இருக்கிறது.

1999 ஒடிசா புயல், 2001 குஜராத் நிலநடுக்கம், 2004 சுனாமி என்று அடுத்தடுத்து வந்த அடிகளுக்குப் பிறகு பிறந்த சட்டம் இது. அதுவரை அரசின் வேலை பெரும்பாலும் வெள்ளம் வடிந்த பிறகு அரிசியும் பணமும் கொடுப்பதுதான். இந்தச் சட்டமோ தடுப்பு, தணிப்பு, பயிற்சி, ஆயத்தம் எல்லாவற்றையும் 'தொடர்ச்சியான பணி' என்று ஒரே வரையறைக்குள் கொண்டுவந்தது. பேரிடர் எது என்பதற்கான வரையறையிலும் கவனிக்க வேண்டிய ஓர் அளவுகோல் இருக்கிறது: அந்தப் பகுதி மக்களின் சமாளிக்கும் திறனை மிஞ்ச வேண்டும். அதனால் ஒரே அளவு மழை, வடிகால் ஒழுங்காக உள்ள ஊரில் வெறும் மழை. ஏரிக்குள் வீடு கட்டிய ஊரில் பேரிடர். கோட்பாட்டில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

பொறுப்பு மூன்று அடுக்கு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர், மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர், மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர். மாவட்டத்தில் உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் இணைத் தலைவர். 2025 திருத்தத்தில் பெருநகரங்களுக்கென்று தனி ஆணையம் அமைக்கவும் வழி வந்திருக்கிறது.

இனி 12ஆவது பிரிவு. நான் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் பாதி நாளை இதற்கே செலவழிப்பேன். நிவாரணத்துக்குக் குறைந்தபட்சத் தரம் என்ன என்று தேசிய ஆணையம் வழிகாட்டுதல் தர வேண்டும் என்கிறது இந்தப் பிரிவு. முகாமில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், கழிப்பிட வசதி. கணவரை இழந்தவர்களுக்கும் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு. உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்கும் கருணைத்தொகை. ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் எண்களே இருக்கின்றன. ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையுள்ள இடம். நாளைக்கு 3 லிட்டர் குடிநீர், குளிக்கவும் கழிப்பறைக்கும் 15 லிட்டர். 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. பெரியவருக்கு நாளைக்கு 2,400 கலோரி, குழந்தைக்கு 1,700.

இதை ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துப் பாருங்கள். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை என்றால் சுமார் 37 சதுர மீட்டர். அதில் பத்து பேர்தான் தங்கலாம். 300 பேரை அழைத்து வந்தால் 30 வகுப்பறை, 10 கழிப்பறை, தினமும் குடிக்க மட்டும் 900 லிட்டர், மற்றதற்கு 4,500 லிட்டர் தண்ணீர். மின்சாரம் போய் மோட்டார் ஓடாத நாளில் அந்த 4,500 லிட்டர் எந்த லாரியில், எந்த வழியாக வரும்? அந்த வழியில் பாலம் முங்கியிருந்தால்? இந்தக் கேள்விக்கு மழைக்காலத்துக்கு முன்பே பதில் எழுதி வைப்பதற்குப் பெயர்தான் ஆயத்தம். எழுதி வைக்கும் இடம் 31ஆவது பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டம். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பல மாவட்டங்களின் இணையதளத்தில் அது கிடைக்கிறது. உங்கள் மாவட்டத்தினுடையதை எடுத்து, உங்கள் ஊர்ப் பள்ளி முகாம் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை பேருக்கு என்று போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடைக்காது.

12ஆவது பிரிவுக்குப் பல் இருக்கிறதா என்ற கேள்விக்கு 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் கேட்டுப் போடப்பட்ட வழக்கு அது. கருணைத்தொகைக்கு வழிகாட்டுதல் தருவது ஆணையத்தின் கட்டாயக் கடமை, விருப்பம் அல்ல என்றது நீதிமன்றம்; தொகை எவ்வளவு என்பதை மட்டும் ஆணையத்திடமே விட்டது. ஆணையம் நிர்ணயித்தது 50,000 ரூபாய். அறிவிக்கப்பட்ட மற்றப் பேரிடர்களில் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து உயிரிழப்புக்கு வழங்கும் தொகை 4 லட்சம். இந்த வித்தியாசம் நியாயமா என்பதை வகுப்பில் விவாதிக்க ஒரு மணி நேரம் போதாது.

பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர்களின் கடனுக்குச் சலுகை தரப் பரிந்துரைக்கும் அதிகாரம் 13ஆவது பிரிவில் இருந்தது. 2025 திருத்தம் அதை நீக்கிவிட்டது. வயநாடு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டவர்களின் கடன் தொடர்பான வழக்கில் மத்திய அரசு இதைத்தான் கேரள உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது. என் பார்வையில், அந்தத் திருத்தத்திலேயே சாமானியருக்கு நேரடியாக இழப்பு இதுதான்.

நிவாரணத்தில் சாதி, மதம், பாலினம் பார்க்கக் கூடாது என்பது 61ஆவது பிரிவு. பொய்க் கணக்குக் காட்டி நிவாரணம் வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கை பரப்பினால் ஓராண்டு வரை. வாட்ஸ்அப்பில் 'அணை உடைந்தது' என்று வருவதை அப்படியே அனுப்புகிறவர்கள் 54ஆவது பிரிவை ஒருமுறை படிக்கலாம்.

முறையாகப் படிக்க விரும்பினால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) முதுநிலைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. பட்டம் வேண்டாம், களத்தில் நின்றால் போதும் என்பவர்களுக்கு 'ஆப்த மித்ரா' திட்டம்: 18 முதல் 40 வயது வரையுள்ள தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி, மீட்புக் கருவிப் பை, காப்பீடு. 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேரைத் தயார்செய்வது இலக்காக இருந்தது. உங்கள் மாவட்டத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்பதைக் கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேட்கலாம். தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.