அடுத்த வினவலைத் தரவுத்தளமே சொல்வது எப்படி?

விண்மீன்களையும் விண்மீன் மண்டலங்களையும் அளந்து பதியும் ஸ்லோன் வானாய்வின் தரவுகளை, எவரும் எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் கேள்வி, அதாவது வினவல், எழுதித் துழாவலாம். ஸ்கைசர்வர் தளம் 2001 முதல் அதற்கு வழிசெய்து வருகிறது. சிக்கல் என்னவென்றால், எஸ்க்யூஎல் கைவந்தவருக்கே எந்த அட்டவணையில் எந்தப் பத்தி (நெடுவரிசை) இருக்கிறது என்று பிடிபட நாளாகும். ஆனால் முன்பு வந்தவர்கள் எழுதிய வினவல்கள் பதிவில் இருக்கின்றன. அவற்றை வைத்தே புதியவருக்கு வழிகாட்டலாம் என்று 2009-இல் வெளியான ‘க்வெரி’ ஆய்வு செய்துகாட்டியது.

இணையக் கடையின் பரிந்துரையும் இதே வகைதான். ஆனால் ஒரு புத்தகத்தை ஆயிரம் பேர் வாங்கினாலும் அது அதே புத்தகம். வினவல் அப்படியல்ல. ஒரே நோக்கத்தோடு இருவர் எழுதினாலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவராது. ஆகவே எதை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் இங்கே மொத்த வேலையும்.

இரண்டு வினவல்களும் அட்டவணையின் ஒரே வரிசைகளை (கிடைவரிப் பதிவுகளை) தொடுகின்றனவா என்று பார்ப்பது ஒரு வழி. நுட்பமானது, ஆனால் கோடிக்கணக்கான வரிசைகள் உள்ள இடத்தில் கட்டுப்படியாகாது. மற்றது, வினவலைத் துண்டுகளாக்குவது: அட்டவணைப் பெயர், பத்தி, இரு அட்டவணைகளின் இணைப்பு, நிபந்தனை என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டு. நிபந்தனையில் வரும் எண்ணை எடுத்துவிட்டு ‘ஏதோ ஓர் எண்’ என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘17.5-க்குக் கீழ்’, ‘17.6-க்குக் கீழ்’ என்பவை அந்நியத் துண்டுகளாகிவிடும்.

பத்தியை அட்டவணைப் பெயரோடு சேர்த்தே பதிய வேண்டும். ஸ்கைசர்வரில் ‘இசட்’ என்ற பத்தி போட்டோஆப்ஜ் அட்டவணையில் ஒரு வடிகட்டியில் அளந்த ஒளிப்பொலிவு. ஸ்பெக்ஆப்ஜ் அட்டவணையில் அதுவே செம்பெயர்ச்சி, அதாவது ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவு. வினவலுக்குள் அட்டவணைகளுக்கு வைக்கும் குறும்பெயர்களைப் பிரித்தறியாத நிரல் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, பரிந்துரையைத் திசைமாற்றிவிடும்.

பிறகு, இரண்டு அமர்வுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அளக்கும் கோசைன் கணக்கு. ஒருவர் ஒருமுறை உட்கார்ந்து எழுதிய வினவல்கள் எல்லாம் சேர்ந்தது ஓர் அமர்வு. உங்கள் அமர்வில் 4 துண்டுகள், பழைய அமர்வு ஒன்றில் 9, பொதுவானவை 3 என்றால், 4-ஐ 9-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 6. ஒப்புமை 3/6, அதாவது 0.5. நெருங்கிய அமர்வுகளின் துண்டுகளை இந்த ஒப்புமையால் எடைபோட்டுக் கூட்டி, உங்கள் துண்டுகளையும் ஒரு விகிதத்தில் கலப்பார்கள். உங்கள் பங்கு மிகுந்தால் நீங்கள் கேட்டதே திரும்பி வரும்; குறைந்தால் சம்பந்தமில்லாதது வரும். கிடைக்கும் துண்டுகளை ஒட்டவைத்துப் புதிய வினவல் செய்வதைவிட, அவற்றுக்கு மிக நெருங்கிய பழைய வினவலையே காட்டுவது நல்லது. அது ஒருமுறையாவது ஓடியிருக்கும்.

சொதப்பும் இடங்களும் உண்டு. தானியங்கி நிரல்கள் ஒரே அச்சு வினவலை ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கும். அவற்றைக் களையாவிட்டால் அதுவே எல்லோருக்கும் பரிந்துரையாகும். எல்லா வினவலிலும் வரும் துண்டுக்கு எடை குறைய வேண்டும். நோயாளி எண் போன்றவை பதிவாகும் தரவுத்தளமென்றால், மதிப்புகளை மறைக்காமல் இன்னொருவருக்குக் காட்டவே கூடாது. அட்டவணை அமைப்பு மாறியிருந்தால் பழைய வினவல் பிழை காட்டும். அதனால் காட்டுவதற்கு முன்பே, ஓட்டாமல், பிழையின்றி ஏற்கப்படுகிறதா என்று மட்டும் தரவுத்தளத்தில் சோதித்துப் பார்த்து, முதல் 100 வரிசை என்று வரம்பும் வைத்துவிட வேண்டும்.