பாசி தீர்ந்த பிறகு பிளென்னி எதைத் தின்னும்?

இந்த மாதத்தில் இது நான்காவது. பிளாஸ்டிக் பைக்குள் விரல் நீளத்தில் ஒரு லான்மோவர் பிளென்னி, கடல்நீர்த் தொட்டியில் பாசியை ஒழிக்கும் என்று நம்பி வாங்கி விடுகிற மீன். "நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், திடீர்னு சோர்ந்துபோச்சு. ஏதாவது மருந்து குடுங்க" என்கிறார் கொண்டுவந்தவர். திடீரென்று இல்லை. வயிறு உள்ளே ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது பாசி திங்கிற மீனாச்சே, தீனி எதுக்கு?"

பசிக்கு நான் என்ன மருந்து எழுதித் தருவது?

பிளென்னி பாசி தின்னும், சரி. எந்தப் பாசி? பாறையிலும் கண்ணாடியிலும் மெல்லிய ஏடாகப் படிவதை, அதில் சேர்ந்த கசடோடு சீப்புப் பற்களால் சுரண்டித் தின்னும். (கண்ணாடியில் முத்தமிட்ட மாதிரி உதட்டுத் தடம் விழும், எனக்கு இன்னும் அலுக்காத காட்சி.) நீங்கள் ஒழிக்க நினைக்கிற நீளமான முடிப்பாசியைப் பெரும்பாலும் சீண்டாது. பகல் முழுக்க மேயும் மீன் அது. சின்னத் தொட்டியின் ஏட்டைச் சில வாரங்களில் வழித்துவிடும். தொட்டி பளபளப்பாகிவிட்டது என்று நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள், அது பட்டினி கிடக்கும். இன்னொன்று: தின்ற பாசி எங்கே போகும்? கழிவாக அதே தண்ணீரில்தான். பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரில் குறையாமல் பாசி குறையாது. அதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், தீனியை அளந்து போட வேண்டும். மீன் அந்த வேலையைச் செய்யாது.

ஆகவே, நேற்று அமைத்த தொட்டியில் பிளென்னியை விடாதீர்கள். சில மாதங்கள் ஓடி, பாறையில் ஏடு பிடிக்கட்டும். வாங்கும்போது கடைக்காரரைத் தீனி போடச் சொல்லி, அது தின்பதைக் கண்ணால் பாருங்கள். வயிறு ஒட்டியிருந்தால் இரக்கப்பட்டுக்கூட வாங்காதீர்கள். உப்பும் மசாலாவும் சேராத நோரித் தாளை (காயவைத்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டி வையுங்கள், ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி கலந்த தீனியும் பழக்குங்கள். லான்மோவர் 14 சென்டிமீட்டர் வரை வளரும். இடம் இல்லையென்றால் 6 சென்டிமீட்டரோடு நிற்கிற டெயில்ஸ்பாட் பிளென்னி போதும். அதற்கும் தீனி வேண்டும், மறுபடி சொல்கிறேன். ஜோடி என்று உறுதியாகத் தெரியாமல் ஒரே இனத்தில் இரண்டு வேண்டாம், அடித்துக்கொள்ளும்.

வலை மூடி கட்டாயம். துள்ளி வெளியே விழுந்து, மேசைக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்ததை எத்தனை பேர் காட்டியிருக்கிறார்கள்! ஃபாங் பிளென்னி வகையில் மெயகாந்தஸ் இனங்களுக்குக் கோரைப்பல்லில் விஷம் உண்டு, வெறும் கையால் பிடிக்காதீர்கள்.

பையில் வந்ததைத் தனித் தொட்டியில் விட்டிருக்கிறேன். நேற்று மாலை நோரியை ஒருமுறை கொத்தியது. உடனே துப்பிவிட்டது.