வெட்டிய கட்டையின் முனையை மெழுகு பூசி அடைத்தால் மரம் எப்படிக் காயும்?

வில் செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பாதிப் பேராவது இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருப்பார்கள். போன வாரம் வந்த தம்பியும் கேட்டார். கையில் எல்ம் என்ற மரத்தின் ஆறரை அடிக் கட்டை. கணு இல்லை, முறுக்கு இல்லை, வில்லுக்கென்றே வளர்ந்தது போல நேராக இருந்தது. அதை இரண்டு மாதம் பட்டையோடு வெயிலில் சாத்தி வைத்திருக்கிறார். இரண்டு முனையிலும் நட்சத்திரம் போல வெடிப்பு. அதில் ஒன்று ஒன்றரை அடி உள்ளே ஓடியிருந்தது.

"மெழுகு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடாதா அண்ணா?"

தங்காது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். மரத்தின் நார்களோடு சேர்ந்து ஓடுபவை, வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் கொண்டுபோன குழாய்கள். குறுக்கே அறுத்ததும் அத்தனை குழாய்களுக்கும் வாய் திறந்துவிடுகிறது. பக்கவாட்டில் வெளியேறுவதைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக முனை வழியே ஈரம் ஓடுகிறது. முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும். ஓர் அடி உள்ளே இருக்கும் மரமோ இன்னும் ஊறிக் கிடக்கும், அது சுருங்காது. இந்த இழுபறியில் முனை கிழிகிறது. முனையை அடைத்துவிட்டால் ஈரம் பக்கவாட்டில் மெதுவாக, நீளம் முழுக்க ஒரே மாதிரி வெளியேறும். காய்வதை நிறுத்துவதற்காக யாரும் முனையை அடைப்பதில்லை. ஓர் இடம் மட்டும் முந்திக்கொண்டு காயாமல் இருக்கத்தான் அடைக்கிறோம்.

உருக்கிய மெழுகு, மரப்பசை, மிச்சமிருக்கும் பழைய பெயின்ட், எதுவானாலும் சரி. கெட்டியாக இரண்டு பூச்சு. பக்கத்திலும் இரண்டு விரல் அகலம் இறங்கட்டும். நாளைக்குப் பூசலாம் என்று விடாதீர்கள். ரம்பத்தை வைத்த கையோடு பூசுங்கள். கண்ணுக்கு வெடிப்பு தெரிந்த பிறகு பூசுவது வீண்வேலை.

அப்புறம், உருண்டைக் கட்டையாகவே வைத்திருக்காதீர்கள். மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டைவரை சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருண்டைக்கு எங்காவது பிளந்தே தீர வேண்டும். எங்கே பிளக்க வேண்டும் என்பதை நீங்களே ஆப்பு வைத்துச் சொல்லிவிடுங்கள். சிறிய கட்டை என்றால் இரண்டாக, பெரியது என்றால் நான்காக. ரம்பத்தால் அறுக்க ஆசைப்பட வேண்டாம். ரம்பம் நேராகப் போகும், நார் அதன் போக்கில் போகும். நார் அறுந்த இடத்தில்தான் வில் பின்னால் சிராம்பு தூக்கும்.

பட்டை விஷயத்தில் ஆளுக்கொரு பேச்சு. விட்டுவைத்தால் பூச்சி முட்டையிட்டு உளுத்துப்போகும் அபாயம் உண்டு. உரித்தால் அந்தப் பரப்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். நான் உரித்துவிட்டு, உடனே அந்த முதுகுப் பக்கத்துக்கும் (எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கப்போகும் பக்கம்) ஒரு பூச்சு கொடுத்துவிடுவேன். எல்ம், ஆஷ் போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் இருக்கும் முதல் வளையமே வில்லின் முதுகு, அதில் கத்தி படக் கூடாது. ஓசேஜ் மரம் வேறு ரகம். அதில் பட்டையை ஒட்டிய வெளிர்மரத்தைச் செதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் வைரப் பகுதியில் ஒரே வளையத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். யூ மரத்திலோ வெளிர்மரத்தை முழுக்க எடுத்துவிடக் கூடாது. 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் விற்களைப் பாருங்கள், முதுகில் வெளிர்மரம் அப்படியே இருக்கும். (யூ மரம் நஞ்சு. தூள் பறக்கும் வேலையில் முகக்கவசம் இல்லாமல் உட்காராதீர்கள்.)

பிளந்த துண்டுகளை, அதாவது பிளாச்சுகளை, நிழலில், காற்றோட்டத்தில், தரையில் படாமல் குச்சிகள் மேல் அடுக்குங்கள். அடுப்படி வேண்டாம், மூடிய காரும் வேண்டாம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. அவ்வளவு பொறுமை இல்லையா? சற்றுத் தாராளமாக விட்டு வில் வடிவுக்குச் செதுக்கி, நேரான பலகையோடு இறுக்கிக் கட்டிவையுங்கள், சீக்கிரம் காயும். வாரம் ஒருமுறை எடை போட்டுப் பிளாச்சின் மேலேயே எழுதுங்கள். சில வாரம் எடை மாறாமல் நின்றால் கையில் எடுக்கலாம். ஈரத்தோடு அவசரப்பட்டு வளைத்தால், நாணைக் கழற்றிய பிறகும் வில் கூனியே நிற்கும்.

"வெடிப்பில் பசை ஊற்றிவிட்டேன், போதுமா?" என்பது அடுத்த கேள்வி. வில்லின் நீளவாக்கில் நேராக ஓடும் மெல்லிய வெடிப்பு என்றால் போதும், அதோடு நானே வில் செய்திருக்கிறேன். சாய்வாக ஓடி விளிம்பில் போய் முடிகிறதா? தயவுசெய்து விட்டுவிடுங்கள். முழுதாக இழுத்த வில் உடையும்போது உங்கள் முகம் அதன் பக்கத்தில்தான் இருக்கும். என் இடது புருவத்துத் தழும்பு அப்படி வந்ததுதான்.

தம்பியின் கட்டையை இருவரும் சேர்ந்து பிளந்தோம். நான்கில் ஒன்று மட்டும், வெடித்த பாகத்தை வெட்டியது போக, நாலரை அடிக்குச் சுத்தமாகத் தேறியது. சிறுவர் வில் ஒன்று வரும். கிளம்பும்போது பாதி பெயின்ட் இருந்த டப்பாவைக் கொடுத்து, ரம்பப் பையிலேயே போட்டு வைக்கச் சொன்னேன்.