புலம்பெயர்ந்த குழந்தையா, வலசைப் பிள்ளையா?

'புலம்பெயர்ந்த, இடைநின்ற குழந்தைகள்' என்ற தொடர் கல்விச் செய்திகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு மறுபடி கிளம்பும் பிள்ளைகளைத்தான் இப்படி எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு அடைமொழிகளுமே பொருந்தவில்லை.

புலம் என்றால் நிலம், நாடு, வயல். பெயர்தல் என்றால் இருந்த இடத்தைவிட்டு நகர்தல். சனிப்பெயர்ச்சியில் இருப்பதும் இதே வினைதான். புலம்பெயர்தல் என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலத்தின் 'மைக்ரேட்' லத்தீனிலிருந்து வந்தது. இடம் மாறினார் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. போனவர் திரும்பினாரா, துரத்தப்பட்டாரா, கடல் கடந்தாரா என்பதையெல்லாம் அது வாக்கியத்துக்கு விட்டுவிடும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் அதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் புலம்பெயர்வைப் போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு எதிராகப் பேசினால் உடனே பட்டினப்பாலையைக் காட்டுவார்கள். 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' பட்டினம் என்று காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும் அடிகள் அவை. சொல் பழையது, தூயது, வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். சரி, அந்த அடிகளையே முழுதாகப் படிப்போம். அங்கே வருபவர்கள் தங்கள் நாட்டைவிட்டு வந்து, உள்ளூர் மக்களோடு கலந்து, இனிதாக உறைகிறவர்கள். உறைதல் என்றால் தங்கி வாழ்தல். சூளை ஓரத்துக் குடிசையில் சில மாதம் கிடந்துவிட்டுப் போகிற குடும்பம் யாரோடும் கலக்கவும் இல்லை, உறையவும் இல்லை. மேற்கோள் காட்டுகிறவர்கள் புலம்பெயர் மாக்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த இரண்டு சொற்களே அவர்கள் வாதத்துக்கு எதிராக நிற்கின்றன.

அப்புறம், சொற்களுக்கு வாழ்க்கை வரலாறு உண்டு. 1983க்குப் பிறகு ஈழத்தமிழர் உலகமெங்கும் சிதறியபோது 'புலம்பெயர்ந்தோர்' அவர்களின் சொல்லாயிற்று. புலம்பெயர் தமிழர், புலம்பெயர் இலக்கியம் என்றெல்லாம் அது வேரூன்றிவிட்டது. கடல் கடந்து போய், திரும்ப முடியாமல், அங்கேயே தலைமுறை எடுத்தவர்களை அது குறிக்கிறது. நாட்டுக்குள்ளேயே போரால் விரட்டப்பட்டவர்களை 'இடம்பெயர்ந்தோர்' என்று இலங்கையில் தனியாகச் சொன்னார்கள். எவ்வளவு துல்லியமான வேறுபாடு! அதைச் சம்பாதிக்க அவர்கள் கொடுத்த விலை பெரிது. 2020 ஊரடங்கின்போது நம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் நடந்தே ஊர் திரும்பியவர்களைப் புலம்பெயர் தொழிலாளர் என்று எழுதி எழுதி அந்த வேறுபாட்டைக் கலைத்துவிட்டன. ஊர் திரும்ப முடியாதவர்களின் பெயரையே, ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களுக்கு வைத்தோம்.

இலக்கணம் தெரிந்தவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். 'புலம்பெயர்' வினைத்தொகை, பெயர்ந்த, பெயர்கின்ற, பெயரும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும், ஆகவே போய்ப் போய் வருகிறவர்களுக்கும் பொருந்தும். நல்ல வாதம்தான். ஆனால் எழுதுகிறவர்கள் வினைத்தொகையோடு நிற்பதில்லையே. 'புலம்பெயர்ந்த குழந்தைகள்' என்று இறந்தகாலத்தில் முடித்துவிடுகிறார்கள். பெயர்ந்தாயிற்று, கதை முடிந்தது என்பது போல. அந்தப் பிள்ளைக்கு எதுவும் முடியவில்லை. மழைக்காலம் கழிந்ததும் கிளம்பி, அடுத்த மழைக்கு முன்னால் திரும்புகிற வட்டம் அது. நடுவில் பள்ளியாண்டு ஒரு பள்ளியில் தொடங்கி எந்தப் பள்ளியிலும் முடியாமல் போகிறது.

போட்டிச் சொற்களையும் பார்த்துவிடலாம். 'குடிபெயர்ந்த' என்றால் குடியையே மாற்றிக்கொண்டு புது ஊரில் நிலைத்தவர். 'விருந்தினர் தொழிலாளர்' என்பது கேரளத்தில் வழங்கும் 'அதிதி தொழிலாளி' என்பதன் வடிவம். நோக்கம் நல்லது, இழிவில்லாமல் பேச வேண்டும் என்ற அக்கறையும் தெரிகிறது. ஆனால் விருந்தாளியின் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கொடுத்தால் அது உபசாரம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது உரிமை. 'வடமாநிலத்தவர் குழந்தைகள்' என்பதுதான் எனக்கு அறவே ஆகாதது. திருவள்ளூர்ச் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து, பலாங்கீரிலிருந்தும் நுவாபடாவிலிருந்தும், குடும்பங்கள் வருவது உண்மை. தமிழ்நாட்டுக்குள்ளேயே மாவட்டம் விட்டு மாவட்டம் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் இருளர் குடும்பங்களும் பிற குடும்பங்களும் இருக்கின்றனவே? அவர்கள் வடக்கிலிருந்து வரவில்லை, புலமும் மாறவில்லை. இந்தப் பெயர்களை வைத்துக் கணக்கெடுக்கப் போகிறவர் கண்ணுக்கு அந்தப் பிள்ளைகள் தெரியவே மாட்டார்கள்.

இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 9ஆம் பிரிவில் உள்ளாட்சி அமைப்பின் கடமைகளைச் சொல்லும்போது, இப்படி இடம் மாறும் *குடும்பங்களின்* பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. தமிழுக்கு வரும்போது அது 'புலம்பெயர் தொழிலாளர்களின் குழந்தைகள்' ஆகிவிடுகிறது. குடும்பம் காணாமல் போய்விடுகிறது. சட்டத்தில் இருப்பது வெறும் நடை அல்ல. சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்தால்தான் ஒரு வேலைக் கூறு. காயப்போட்ட கல்லைத் திருப்பிவிடப் பிள்ளையின் கையும் போகிறது. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டப் போகும் தம்பதியைச் சேர்த்து 'கோய்தா' என்பார்கள். கோய்தா என்றால் அரிவாள். இருவருக்கும் ஒரே அரிவாள் கணக்கு, கூட வரும் பிள்ளைக்குக் கணக்கே இல்லை. ஆலைக் கூலியில் விடுபட்ட பிள்ளையை நம் மொழிபெயர்ப்பிலும் விட்டுவிடக் கூடாது.

இதற்கெல்லாம் என் விடை 'வலசை'. வலசைக் குடும்பம், வலசைப் பிள்ளைகள். வலசை பறவைக்கல்லவா, மனிதரைப் பறவையாக்கலாமா என்று கேட்பவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பார்க்கட்டும். பகைப்படைக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டுப் போவதைத்தான் அது சொல்கிறது. ராமநாதபுரம் பக்கம் வலசை என்று முடியும் ஊர்கள் பல உண்டு. தென்காசிப் பக்கம் கணக்கப்பிள்ளைவலசை இருக்கிறது. மனிதர்களின் சொல்தான் இது. பறவைக்கு வழங்கி வழங்கி, பருவத்துக்குப் போய்ப் பருவத்துக்குத் திரும்புதல் என்ற பொருள் அதில் நன்றாக ஊறிவிட்டது. நமக்கு வேண்டியதும் அந்தப் பொருள்தானே.

தெலுங்கில் 'வலச', கன்னடத்தில் 'வலசெ' என்று இருப்பதால் இது இரவல் சொல் என்று தூய்மை பேசுவோர் தள்ளுவார்கள். எனக்கும் தூய தமிழில் பற்று உண்டு. ஆனால் உடன்பிறந்த மொழிகளில் வழங்கும் சொல்லை, நம் ஊர்ப்பெயர்களிலேயே படிந்துவிட்ட சொல்லை, அந்நியம் என்று ஒதுக்குவதில் எந்தத் தூய்மையும் இல்லை. ஆந்திரத்திலிருந்து வந்த தாய் ஒருத்திக்கு 'வலசை' என்றால் சட்டென்று புரியும். புலம்பெயர்வு புரியாது.

அடுத்தது 'இடைநின்ற'. இது இன்னும் கெடுதலான சொல். நிற்றல் என்பது தானே செய்யும் வினை. பிள்ளை பாதியில் நின்றுவிட்டது, குற்றம் பிள்ளையுடையது அல்லது பெற்றோருடையது என்ற தொனி அதிலேயே இருக்கிறது. வலசைப் பிள்ளை நிற்கவில்லை, நகர்ந்தது. நின்றது பள்ளியின் கை. சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது: 5ஆம் பிரிவின்படி, கேட்ட உடனே தலைமையாசிரியர் டிசி கொடுக்க வேண்டும், டிசி வரத் தாமதமானாலும் புதிய பள்ளி அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது. 14ஆம் பிரிவின்படி வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. 4ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. இத்தனை இருந்தும் பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று ஒரு சொல் எழுதினால், தேட வேண்டிய பொறுப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பதில் 'வலசை சென்றவர்' என்று எழுதிப் பாருங்கள். எங்கே போனார், எப்போது திரும்புவார், அங்கே எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்ற கேள்விகள் தாமாகவே வரும். தடுப்பூசி அட்டையையும் அங்கன்வாடிச் சத்துணவையும் பற்றி இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு மொழிபெயர்ப்பு. பெற்றோர் வேலைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் சொந்த ஊரிலேயே தங்கிப் படிக்க ஒடிசாவில் விடுதிகள் நடத்துகிறார்கள். தமிழில் அதைப் 'பருவகால விடுதி' என்று எழுதுகிறார்கள். எந்தப் பருவம், யாருக்கு, எதற்கு என்று எதுவும் அதில் விளங்கவில்லை. 'வலசைக்கால விடுதி' என்று எழுதினால் அடிக்குறிப்பே தேவைப்படாது.