பிளேக் – பற்படலம்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பல் மருத்துவமனை. வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்த டாக்டர், “பிளேக் நிறைய சேந்திருக்குங்கம்மா” என்றார். நாற்காலியில் இருந்த பாட்டிக்கு முகமே வெளுத்துவிட்டது. “எலியால வருமே, அதுங்களா சாமி?”

பாட்டி கேட்டதில் தப்பில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பிளேக்தான். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோவிலே உண்டு. அந்த அளவுக்கு ஊரை உலுக்கிய நோய் அது. ஆனால் இரண்டு சொல்லுக்கும் வேர் வேறு. கொள்ளைநோயைக் குறிக்கும் சொல், ‘அடி, காயம்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பல்லில் படிவதைக் குறிப்பது பிரெஞ்சு வழியாக வந்த சொல். அங்கே அதற்குத் தகடு, பட்டை என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜி. வி. பிளாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பல்லோடு ஒட்டியிருக்கும் கொழகொழப்பான கிருமிப் பூச்சுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ரத்தக்குழாய்ச் சுவரில் படிவதையும் பிளேக் என்கிறார்கள். அது கொழுப்புப் படிவு, வேறு சங்கதி.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் பக்கம் பேச்சில் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று ஊத்தை. காலையில் பல் துலக்குமுன் நாக்கால் தடவினால் வழவழவென்று தட்டுப்படுமே, அதைத்தான் சொல்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் ஊத்தை என்றதும் அழுக்கு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பிளேக் வெறும் அழுக்கல்ல, அதில் பெரும்பகுதி உயிருள்ள கிருமிகள். இன்னொன்று காரை. இது சுண்ணாம்புக் காரையிலிருந்து வந்த பெயர், பொருத்தமான பெயரும்கூட. ஆனால் அது குறிப்பது அடுத்த கட்டத்தை. துலக்காமல் விட்ட பூச்சில் எச்சிலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஏறி இறுகினால் காரை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம், நாக்கு படும் இடத்தில், சொரசொரவென்று மஞ்சளாக இருப்பது அதுதான். எச்சில் சுரப்பியின் வாய் அருகிலேயே திறப்பதால் அங்கே சீக்கிரம் சேர்கிறது. இறுகியபின் பிரஷ்ஷால் போகாது, டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

அதனால் பிளேக்குக்குப் பற்படலம் என்ற சொல்லே சரி என்பது என் முடிவு. கண்ணில் படலம் என்று நாம் சொல்வது வழக்கம்தானே. மெல்லியதாகப் படர்ந்து மூடுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. கிருமிகள் கூட்டமாக ஒட்டி வாழும் பூச்சுக்கு (biofilm) அறிவியல் தமிழில் உயிர்ப்படலம் என்ற சொல்லும் புழங்குகிறது; பற்படலம் அதில் ஒரு வகை.

இந்தப் படலம் சர்க்கரையை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் பெயரின் அருமை புரியும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமியை 1924-இல் கிளார்க் என்பவர் பிரித்தெடுத்தார். சுக்ரோஸ், அதாவது நாம் காபியில் போடும் சர்க்கரை, கிடைத்தால் அது இரண்டு வேலை செய்கிறது. ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகிறது. இன்னொரு பகுதியை குளுக்கான் என்ற பிசினாக மாற்றி, அதை வைத்தே பல்லில் ஒட்டிக்கொண்டு, மற்ற கிருமிகளையும் ஒட்ட வைக்கிறது. இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே படலத்தின் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போய்விடலாம். அப்போது பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியம் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் என்றால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பது முக்கியமாவது இதனால்தான்.

நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் ஒன்றும் செய்யாது என்று. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வாங்கிய நல்ல அச்சு வெல்லமானாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கிருமி நிறம் பார்ப்பதில்லை. ஜவ்வரிசியும் தப்பாது. வெந்த மாவுச்சத்து பல்லிடுக்கில் தங்கினால் எச்சிலே அதைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுத்துவிடும். ஏற்காட்டுக் காபியைச் சர்க்கரை போட்டு ஒரு மணி நேரம் வாய் வாயாகக் குடிப்பவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அப்புறம், கிருமிதானே, மருந்து ஊற்றிக் கொன்றுவிடலாமே என்று தோன்றும். 1683-இல் டச்சுக்காரர் லேவன்ஹுக், தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளை மாவு போன்றதை எடுத்துத் தன் லென்ஸில் பார்த்து, உள்ளே உயிர்கள் நீந்துவதைக் கண்டார். வினிகரால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். படிவின் வெளிப்பக்கத்தில் இருந்தவை மட்டும் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்தன. இன்றைய நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் இதே கதைதான். பிசின் மருந்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகிறது. அடியில் கிடக்கும் கிருமிகள் அரைப்பட்டினியில் மெதுவாக வாழ்வதால், வளரும் கிருமியைத் தாக்கும் மருந்து அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. தனியாக மிதக்கும்போது சாகிற அளவு மருந்து, படலமாகச் சேர்ந்துவிட்டால் போதாது.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி சேர்த்த மவுத்வாஷ் நல்ல மருந்துதான். நேர்மின்னூட்டம் உள்ளதால் பல்லிலும் ஈறிலும் ஒட்டி நின்று பல மணி நேரம் வேலை செய்யும். சுத்தம் செய்த பல்லில் 0.2 சதவீதக் கரைசலால் தினம் இரண்டு வேளை கொப்பளித்தால் புதுப் படலம் படிவது வெகுவாகக் குறையும் என்று 1970-இல் டென்மார்க்கில் லோ, ஷியோட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘சுத்தம் செய்த பல்’ என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே தடித்த படலத்தை முதலில் பிரஷ்ஷால் கலைக்க வேண்டும். பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் இந்த மருந்தை முடக்குவதால், துலக்கி அரைமணி நேரம் கழித்துக் கொப்பளிப்பது நல்லது. டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடர வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை ஏறும், காபி, டீ குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரமாக.