இன்சோல்: உள்ளட்டையும் பாதப்படுகையும்

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துக் காலணி ஆலைகளில் ‘இன்சோல்’ என்றால் கழற்ற முடியாத ஒரு பாகம். லாஸ்ட் எனப்படும் கால் வடிவக் கட்டையின் அடியில் ஓர் அட்டையைப் பொருத்தி, மேல்தோலை இழுத்து அதன் ஓரத்தில் மடித்து ஒட்டுவார்கள். அந்த அட்டைதான் அவர்களுடைய இன்சோல். ஓட்டக்காரர் ஒருவர் கடைக்குப் போய் அதே சொல்லைச் சொன்னால் வேறொன்றை எடுத்துத் தருவார்கள்: ஷூவுக்குள் கைவிட்டு உருவி எடுக்கக்கூடிய ஒன்று. ஆலைக்காரருக்கு அது ‘சாக் லைனர்’.

இன்னொன்றும் உண்டு. இன்றைய ஓட்டக் காலணிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அட்டையே கிடையாது. மேல்பாகத்தை ஒரு துணியோடு சுற்றிலும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். ஸ்ட்ரோபெல் தையல் என்று பெயர். சாக் லைனரை உருவிவிட்டு உள்ளே பார்த்தால் ஓரம் முழுக்க அந்தத் தையல் ஓடுவது தெரியும்.

‘சோல்’ என்பதன் மூலம் லத்தீன். ‘சோலேயா’ என்றால் அடியட்டையைக் காலோடு கட்டிக்கொள்ளும் செருப்பு. அதற்கு வேர் ‘சோலும்’: தரை, அடிப்பகுதி. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ‘உள்’ என்ற முன்னொட்டுச் சேர்ந்து இன்சோல் ஆயிற்று. சோல் என்ற தட்டை மீனுக்கும் செருப்பு போன்ற வடிவத்தால் வந்த பெயர் இதுவே.

தமிழில் ‘அடி’ என்ற ஒரே சொல் பாதத்தையும் கீழ்ப்பகுதியையும் சேர்த்தே சுமக்கிறது. அதனால் இன்சோலுக்கு ‘உள்ளடி’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் பழைய வழக்கில் உள்ளடி என்பது உள்ளங்காலையே குறிக்கும். இன்றைய பேச்சிலோ ‘உள்ளடி வேலை’ என்றால் கூட இருந்தே குழிபறிப்பது. இந்தப் பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டாது. ‘அட்டை’ அப்படியல்ல. அட்டை என்பதற்குச் செருப்பின் அடித்தோல் என்ற பொருளை அகராதிகளே தருகின்றன. ஆகவே ஆலைக்காரர் சொல்லும் நிலையான பாகத்துக்கு ‘உள்ளட்டை’ கச்சிதமாகப் பொருந்துகிறது.

உருவி எடுக்கும் பாகத்துக்குக் கடைகளில் ‘குஷன்’ என்கிறார்கள். தமிழ்ப்படுத்துபவர்கள் ‘பாத மெத்தை’ என்று எழுதுகிறார்கள். இதில்தான் நெடுந்தூர ஓட்டக்காரருக்கு இடைஞ்சல் வருகிறது. மெத்தை என்று பெயர் வைத்தால் மெத்தென்று இருப்பதே நல்லது என்று ஆகிவிடும். விரலால் அமுக்கிப் பார்த்து, எது அதிகம் அமுங்குகிறதோ அதை வாங்கி வருவார்கள். ‘பாதப்படுகை’ என்பதே சரியான பெயர். ஆற்றுப்படுகை இருபுறமும் தண்ணீரை அணைத்து வைத்திருப்பதுபோல இதுவும் காலை அணைத்து வைத்திருக்க வேண்டும். மெத்தை அதன் ஓர் அடுக்கு மட்டுமே. மற்றோர் அடுக்கு, அதன் கீழே கெட்டியாக நிற்கும் தாங்கி.

நிமிடத்துக்கு 165 காலடி வீதம் நாலரை மணி நேரத்தில் ஒரு மாரத்தானை முடிப்பவர் 44,550 அடிகள் வைக்கிறார். ஒரு காலுக்கு 22,000-க்கு மேல். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 120 முதல் 180 கிலோ எடைக்குச் சமம். தாங்கி இல்லாத வெறும் நுரை இந்த விசையில் முழுக்க அமுங்கித் தரைதட்டிவிடும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். குதிகால் பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். விரல்கள் ஒன்றையொன்று உணர்ந்தால் அது நெடுந்தூரத்துக்கு ஆகாது.

குதிகால் எலும்புக்கு அடியில் இயற்கையே ஒரு கொழுப்புத் திண்டை வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 15 முதல் 20 மி.மீ. தடிமன். தட்டையான படுகையின் மேல் காலை ஊன்றும்போது அந்தக் கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கி, எலும்பு தரையை நெருங்குகிறது. 12 முதல் 15 மி.மீ. ஆழமுள்ள கிண்ணம்போலக் குதிகால் பகுதியைக் குழித்தால் கொழுப்பு எலும்புக்கு அடியிலேயே நிற்கும். காலுக்குச் சொந்தமான இந்தத் திண்டை இடத்தில் நிறுத்துவது, கூடுதலாக நுரை வைப்பதைவிட மேல்.

தாங்கியைப் பாலிப்ராப்பிலீன், டி.பி.யூ. போன்ற பிளாஸ்டிக்கில், அல்லது கெட்டியான இ.வி.ஏ. நுரையில் செய்வார்கள். குதிகாலில் தொடங்கி, விரல்களுக்குப் பின்னால் உள்ள பந்துப் பகுதிக்குச் சற்று முன்பே அது முடிய வேண்டும். கால் மடங்குவது அந்தப் பந்தில்தான். தாங்கி அதைத் தாண்டினால் உந்தி எழும்போது விளிம்பு உள்ளங்காலைக் குத்தும். பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் மேட்டின் உச்சி தன் இடத்தைவிட்டு முன்னால் தள்ளியிருந்தால் உள்ளங்கால் தசைநார் நசுங்கி வலிக்கும். ஷூ எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் கோளாறு இது. ஒரே நீளப் பாதம் உள்ள இருவருக்குக் குதிகாலிலிருந்து பந்து வரையிலான நீளம் வேறாக இருக்கலாம். படுகையைத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நின்றால், பெருவிரல் பந்து தாங்கியின் விளிம்பைத் தாண்டி மெத்தை மீது அமர வேண்டும்.

மெத்தை அடுக்குக்கு 3 முதல் 5 மி.மீ. போதும். கெட்டித்தன்மையைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் (எண் கூடினால் கெட்டி) மேலடுக்கு 20-ஐ ஒட்டியும், இ.வி.ஏ. தாங்கி 40 முதல் 50 வரையிலும் இருப்பது நல்ல தொடக்கம். இ.வி.ஏ. லேசானது, ஆனால் நாளாக நாளாகத் தட்டையாகிவிடும். திறந்த துளைகள் கொண்ட பாலியூரித்தேன் எடை கூடுதல். ஆனாலும் நீண்ட நாள் எழும்பி வரும். 8 மி.மீ. வரை தடிமன் கூட்டினால் குதிகால் ஷூவின் பின்கட்டிலிருந்து மேலே ஏறி வழுக்கத் தொடங்கும். முன்னால் விரல்களுக்கு இடம் குறைந்து நகம் கறுக்கும். பழைய படுகையை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போடுபவர்களுக்கும் இதே கதிதான்.

பந்துப் பகுதியில் வலி உள்ளவர்களுக்குச் சிறு திண்டு ஒன்றை ஒட்டுவதுண்டு. அதை வலிக்கும் இடத்தின் நேர்கீழே ஒட்டக் கூடாது. எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டினால்தான் முனைகள் மேலெழுந்து சுமை குறையும்.

மேல்துணியைப் பலரும் கவனிப்பதில்லை. சென்னைப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் ஓடினால் படுகை வியர்வையில் ஊறிவிடும். பசை சரியில்லை என்றால் துணி ஓரத்தில் சுருண்டு மடிப்பு விழும். ஈரத்தோலும் மடிப்பும் உராய்ந்தால் கொப்புளம் வரும். ஓடி முடித்ததும் படுகையை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலும், பூட்டிய காருக்குள்ளும் இ.வி.ஏ. சுருங்கும்.

அளவுக்கு வெட்டும்போது பழைய சாக் லைனரைப் புதியதன் மேல் வைத்து, குதிகாலைச் சரியாகப் பொருத்தி, முன்பக்கம் மட்டும் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டி, ஷூவுக்குள் போட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குதிகால் பக்கம் கத்தரியே படக் கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக்கொண்டு நடமாடுங்கள். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டுங்கள். வலியில்லாமல் ஒரு வாரம் நடந்த பிறகுதான் ஓட்டம், அதுவும் குறைந்த தூரத்தில். போட்டி நாளன்று புதுப் படுகையைப் போடவே கூடாது.